மறு: கணக்கெடுப்பிலும் ஊராட்சிப் பலகையிலும் மக்கள்தொகை மாறுபடுவது ஏன்?

வணக்கம். கடலூர் மாவட்டம் கீரப்பாளையம் ஒன்றியத்திலுள்ள தங்கள் ஊரின் மக்கள்தொகை, ஊராட்சி அலுவலகப் பலகையில் 2011 கணக்கெடுப்பு அட்டவணையைவிட அதிகமாக இருப்பதாகவும், எதைத் திட்ட அறிக்கையில் காட்டுவது என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரியாகவே இருக்கலாம். கணக்கெடுப்பு, வருவாய்க் கிராமத்தை (வருவாய்த் துறையின் நிலப் பதிவுகளில் உள்ள கிராமப் பிரிவை) அலகாகக் கொள்கிறது. ஊராட்சியோ ஒன்றுக்கு மேற்பட்ட வருவாய்க் கிராமங்களையும் அவற்றின் குக்கிராமங்களையும் சேர்த்து அமைந்திருக்கக்கூடும். கிராம நிர்வாக அலுவலர் வட்டாட்சியரின் கீழும், ஊராட்சி செயலர் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் கீழும் பணிபுரிவதால், இருவரும் சொல்லும் "கிராமம்" ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கீரப்பாளையம், குமராட்சி, பரங்கிப்பேட்டை ஆகியவை வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் கீழ் வரும் ஒன்றியங்களே தவிர, வட்டாட்சியரின் கீழ் வரும் வட்டங்கள் அல்ல. ஆகவே வட்டவாரியான கணக்கெடுப்பு அட்டவணையில் அப்பெயர்களைத் தேடிப் பயனில்லை. தங்கள் ஊர் இன்று புவனகிரி வட்டத்தில் இருந்தால், அவ்வட்டம் 2011-க்குப் பின்னரே உருவானதால், பழைய அட்டவணையில் சிதம்பரம் வட்டத்தின் கீழ்ப் பாருங்கள்.

வாக்காளர் பட்டியலை மக்கள்தொகையாகக் காட்டும் வழக்கமும் உண்டு (அதில் 18 வயது நிரம்பாதவர்கள் இல்லை என்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்). அறிக்கை ஊராட்சிக்கானது என்றால், அதில் அடங்கும் வருவாய்க் கிராமங்களின் பெயர்களை ஊராட்சி செயலரிடம் எழுதி வாங்கி, ஒவ்வொன்றின் 2011 எண்ணையும் கூட்டி, ஆண்டைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.