ஊசி முனையும் ஒரு சொட்டும்

அன்புள்ள ஐயா,

மாவட்டத் தலைநகர் ஒன்றில் நோயியல் மருத்துவராக இருக்கிறேன். வெளியே ஸ்கேன் பார்த்து ஊசி போட்டு எனக்கு அனுப்பும் தைராய்டு ஸ்லைடுகளில் பெரும்பாலும் ரத்தம்தான். நானே ஸ்கேன் வைத்து எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துச் சோதிப்பது) செய்யலாம் என்றிருக்கிறேன். எந்த மெஷின் வாங்கலாம்? எவ்வளவு முதல் வேண்டும்?

அன்புள்ள டாக்டர்,

10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகும் லீனியர் ப்ரோப் (தோலில் வைத்துப் பார்க்கும், நேரான முகமுள்ள ஸ்கேன் கருவி) இருந்தால் கழுத்துக்கும் மார்புக்கும் தாராளம். முதலுக்கு உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். ஆனால் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டம் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லையே! கழுத்தை மட்டும்தான் பார்ப்பேன் என்றால் விட்டுவிட மாட்டார்கள். இடத்தையும் மெஷினையும் பதிய வேண்டும், ப்ரோப் பிடிப்பவருக்குச் சட்டம் கேட்கும் தகுதி வேண்டும். அது முடியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

'ரத்தம்தான்' என்கிறீர்களே, கொஞ்ச நாளாக என் மனதில் ஓடுவதும் அதுதான். முனை கட்டிக்குள் இருப்பதை ஸ்கேன் காட்டும், மீதியெல்லாம் கைவேலை. தைராய்டுக்கு 25 அல்லது 27 கேஜ் (எண் கூடக் கூட ஊசி மெலியும்) ஊசி. உறிஞ்சாமல் ஐந்தாறு விநாடி முன்னும் பின்னும் அசைத்து, ஊசியின் பிடிப்பகுதியில் சிவப்பு தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று காத்திருந்தால் ரத்தம் உறைந்து செல்கள் அதற்குள் சிக்கும். முனையை ஸ்லைடில் தொட்டு ஒரே ஒரு சொட்டு. தூரத்திலிருந்து பீய்ச்சினால் தெறித்து உலர்ந்துவிடும். இன்னொரு ஸ்லைடை மேலே படுக்கவைத்துச் சும்மா இழுங்கள். அழுத்தினால் லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) நூல் நூலாகக் கிழியும். பாப் சாயத்துக்கான (ஈரமாகவே பதப்படுத்த வேண்டிய) ஸ்லைடு அந்தக் கணமே 95 சதவீத ஆல்கஹாலில் விழ வேண்டும். பெயரை முன்பே எழுதிவையுங்கள். எழுதும் நேரத்தில் ஸ்லைடு உலர்ந்து உட்கரு ஊதி மங்கிவிடும்.

அப்புறம் ஸ்கேனுக்குத் தடவும் ஜெல். எத்தனை முறை சொன்னாலும் தகும். ஊசி இறங்கும் இடத்தில் ஜெல் இருந்தால் ஊசியோடு ஸ்லைடுக்கு வரும். ஜீம்சா சாயத்தில் ஊதாத் துகள்களாகப் படிந்து செல்லை மறைக்கும், கொலாய்டோ (தைராய்டுக்குள் இருக்கும் கூழ்) செத்த திசுவோ என்று மயக்கும். ஜெல் ப்ரோப் உறைக்குள் மட்டும். தோலில் கிருமிநாசினி போதும்.

மைக்ரோஸ்கோப் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தைராய்டு ஸ்லைடுகளுக்கான பெதஸ்டா அறிக்கை முறை கேட்பது குறைந்தது 6 குழுக்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 ஃபாலிகுலர் செல்கள் (தைராய்டின் அடிப்படைச் செல்கள்). அவசரச் சாயம் போட்டு அதை எண்ணிப் பார்க்கும்வரை நோயாளி எழுந்து போகக் கூடாது. ஊசியை நீங்கள் பிடிக்க வேண்டும் என்பதே இதற்காகத்தான். மைக்ரோஸ்கோப் அடுத்த மாடியில் என்றால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

முதலில் கை நடுங்கும், பரவாயில்லை. கோழி நெஞ்சுக்கறிக்குள் திராட்சையைச் செருகி, ப்ரோப்பின் நீளவாக்கில் ஊசியை இறக்கிப் பழகுங்கள். திரையில் முனை மறைந்தால் தள்ளாதீர்கள். ஊசியை நிறுத்திவிட்டு, ப்ரோப்பை மெல்ல அசைத்துத் தேடுங்கள்.