அடுப்பின் மேல் உறங்கும் தாத்தா

கேள்வி: சிறு வயதில் படித்த ருஷ்ய நாட்டுக் கதைகளின் தமிழாக்கங்களில், கிழவர் எப்போதும் அடுப்பின் மேல் படுத்திருப்பார். உடம்பு சுடாதா? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சுடாது. நாம் அறிந்த அடுப்பு வேறு, அவர்களுடைய ‘பெச்’ வேறு. ‘இஸ்பா’ எனப்படும் மரக்கட்டை வீட்டில் ஏறத்தாழ கால் பங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, செங்கல்லாலோ இடித்து இறுக்கிய களிமண்ணாலோ கட்டப்பட்டிருக்கும் அதை, வீட்டுக்குள் இருக்கும் ஒரு சிற்றறை என்றே சொல்லலாம். விடியற்காலையில் அதன் குகை போன்ற வயிற்றுக்குள்ளேயே விறகை அடுக்கி எரிப்பார்கள். விறகு தணலானதும் அதை ஓரமாக ஒதுக்கி, நீண்ட காம்புள்ள இரும்புக் கவைக்கோலால் பானைகளை உள்ளே தள்ளி வாயை மூடிவிட்டால், தடித்த சுவர்கள் உள்வாங்கிய வெப்பமே மீதிச் சமையலைப் பார்த்துக்கொள்ளும். முட்டைக்கோஸ் சூப்பும் தானியக் கஞ்சியும் இப்படித்தான் வேகும். பால் பொங்காமல் மணிக்கணக்கில் காய்ந்து, இளம்பழுப்பு நிறமும் தடித்த ஆடையுமாக வெளியே வரும். அந்தப் பாலுக்குத் தனிப் பெயரே உண்டு.

அந்தக் குகையின் வளைகூரைக்கு மேலே நிரவிச் சமதளமாக்கிய இடந்தான் தாத்தாவின் படுக்கை. வெளியே மைனஸ் 30 டிகிரிக் குளிர் வாட்டும் இரவில் வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான் என்பதால், முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதில் முன்னுரிமை.

கதைகள் சொல்லாத ஓர் ஆபத்தும் உண்டு. சூடு வீணாகாமலிருக்க, தணல் முற்றும் அவியுமுன்னே புகைபோக்கியின் அடைப்பை மூடிவிட்டால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவும். தூக்கத்திலேயே குடும்பங்கள் மாண்டதுண்டு.

கேள்வி: நம் குலதெய்வம் போல அந்த வீடுகளிலும் ஏதேனும் உண்டா? – ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: குலதெய்வம் என்று சொல்ல முடியாது, கூடவே குடியிருக்கும் ஒரு குறும்புக்காரக் கிழவர் எனலாம். அடுப்புக்கு எதிர்மூலையில் கிறிஸ்தவத் திருவுருவங்கள் இருக்கும்; வீட்டுக்குள் வருபவர் முதலில் அங்கேதான் வணங்குவார். அடுப்பின் பின்னாலோ அடியிலோ வசிப்பதாக நம்பப்படுபவர் ‘தோமவோய்’ என்னும் வீட்டு ஆவி. வீடு மாறும்போது, பழைய அடுப்பின் தணலைப் பானையில் எடுத்துக்கொண்டு, “தாத்தா, புது வீட்டுக்கு வாருங்கள்” என்ற பொருள்பட அழைத்து, புதிய அடுப்பில் அதைக் கொட்டுவது வழக்கம். சில வட்டாரங்களில் மரப்பட்டையால் பின்னிய பழைய செருப்பில் அவரை உட்காரவைத்து இழுத்துச் செல்வதும் உண்டு. இரண்டில் எனக்குப் பிடித்தது செருப்புதான்.

கேள்வி: இன்றும் அங்கே இதே வாழ்க்கைதானா? – ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் இல்லை. சோவியத் ஆட்சியில் கிராமத்தை விட்டு நகரத்தில் குடியேற உள்நாட்டுக் கடவுச்சீட்டு என்னும் அடையாள ஆவணம் தேவை; கூட்டுப்பண்ணை உழவர் எல்லோருக்கும் அதை வழங்க முடிவானதே 1974-இல்தான். அதற்கு முன்பே படிப்பு, ராணுவம், ஆலை வேலை என்று கிடைத்த வழியிலெல்லாம் இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19,000-க்கும் மேற்பட்ட கிராமங்களில் ஒருவர்கூட வசிக்கவில்லை. பாட்டி வீட்டைக் கோடைக்கு மட்டும் திறக்கும் நகரத்துப் பேரப்பிள்ளைகள் இன்றும் உண்டு. மாதக்கணக்கில் குளிர்ந்து கிடந்த அடுப்பை உடனே பற்றவைத்தால் புகை முழுவதும் அறைக்குள்ளேயே திரும்பும்; ஆகவே முதலில் ஒரு பழைய செய்தித்தாளைப் புகைபோக்கியின் அடியில் கொளுத்தி, காற்று மேல்நோக்கி இழுக்கத் தொடங்கிய பிறகே விறகை வைப்பார்கள்.