நயினாதீவும் நெடுந்தீவும் ஒரே நாளில் வேண்டாம்

கேள்வி: ஆனி மாதம் ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் வருகிறோம். அம்மாவுக்கு 72 வயது, பிள்ளைகள் இருவரும் பத்து வயதுக்குள். நயினாதீவுத் திருவிழா, நெடுந்தீவு, கடற்குளிப்பு மூன்றையும் இரண்டு நாளில் முடிக்கலாமா?

பதில்: மூன்று நாள் ஒதுக்குங்கள். இரண்டு தீவுக்கும் குறிகட்டுவான் துறையில்தான் படகு என்பதால் ஒரே நாளில் போய்வரலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நயினாதீவு இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். நெடுந்தீவுக்கோ ஒரு மணி நேரக் கடல், அதுவும் ஆனியில் சோழகம் என்ற தென்மேல் காற்று அடிக்கிற கடல்.

முதல் நாள் நயினாதீவு. யாழ். நகரிலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாகத் துறைக்கு பஸ்ஸில் ஒரு மணிக்கு மேல் ஆகும், விடியவே புறப்படுங்கள். தேர் நாளில் துறையிலேயே நெரிசல். அம்மாவை நினைத்து, கொடியேறிய பிறகு வரும் முதல் சில நாட்களில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். நாகபூசணி அம்மன் கோயிலுக்குள் ஆண்கள் சேட்டைக் கழற்ற வேண்டும், வேட்டி கட்டிப் போவதே அழகு. வெயிலேறினால் வீதி மணல் உள்ளங்காலைச் சுடும். பிள்ளைகளை வெளிவீதியில் அலையவிடாதீர்கள். மதியப் பூசை முடிந்ததும் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம். அவசரப்பட்டுத் திரும்பிவிடாமல், எல்லோரோடும் பந்தியில் இருந்து சாப்பிடச் செய்யுங்கள். ஊர்க்கோயில் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு அந்தப் பந்தியில் புரியும்.

நெடுந்தீவுக்குப் போகும் காலையில் காற்று எப்படி என்று துறையில் கேளுங்கள். கடுமை என்றால் பயணத்தை விட்டுவிடுங்கள். படகின் முன்பக்கமான அணியத்தில்தான் குலுக்கல் அதிகம், நடுவில் இருங்கள். உயிர்காப்பு அங்கி பிள்ளையின் அளவுக்கு இல்லையென்றால் வேறு கேட்டு வாங்குங்கள். ஏறும்போதே திரும்பும் கடைசிப் படகின் நேரத்தையும் கேட்டு வையுங்கள். அதைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். தீவில் நிழல் குறைவு, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். ஓட்டோவுக்கு வாடகை பேசிய பின் ஏறுங்கள். அடி பருத்த பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, கட்டைக் குதிரைகள் எல்லாம் ஓட்டோக்காரரே காட்டுவார். வழிநெடுக உள்ள முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலிகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள். சாந்தே இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கியவை, இடுக்குகளால் காற்று புகுந்து போகும். சாய்ந்தாலோ ஏறினாலோ சரிந்துவிடும்.

குளிப்புக்குக் காரைநகர் கசூரினா கடற்கரை. கரையோரம் வெகுதூரம் ஆழமில்லை, வடக்குப் பார்த்த கரை என்பதால் சோழகத்தின் அடியும் குறைவு. வார இறுதி வேண்டாம், கூட்டம்.