ஜைனர் அல்லாதவர்கள் சமணக் கோயிலுக்குப் போகலாமா? சாப்பிடக் கூப்பிட்டால் போகலாமா?

தாராளமாகப் போகலாம். எனக்கு ஊத்தங்கரை. என்னோடு வேலை பார்க்கும் நண்பர் தமிழ்ச் சமணர், போளூர் பக்கம் திருமலையை ஒட்டிய கிராமம். சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாக ஒரே நாளில் போய் வந்துவிடலாம்.

கோயிலில் கெடுபிடி எதுவும் கிடையாது. தோல் பெல்ட், பர்ஸை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். அடிவாரத்தில் குந்தவை பெயரில் ஜினாலயம், மேலே பாறையில் செதுக்கிய சுமார் 16 அடி உயர நேமிநாதர் (சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களில் ஒருவர்) சிலை. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது அங்கிருக்கும் கல்வெட்டு. சேர மரபில் வந்த எழினி செய்துவைத்த யட்சன், யட்சி (காவல் தெய்வங்கள்) உருவங்களைப் பிற்காலத்தில் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள் செப்பனிட்டு மறுபடி நிறுத்தினார், எறிமணியும் (அடித்து ஒலிக்கும் மணி) கொடுத்தார் என்கிறது அது. தகடூர் நம் தருமபுரிதான். ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானைப் பள்ளியில் படித்தோம். அதே மரபினர் இந்த மலைக்குச் செய்ததை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

அப்புறம் நண்பர் வீட்டுச் சாப்பாடு. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேர்ப்பதில்லை. மண்ணுக்கடியில் இருப்பதைப் பிடுங்கினால் செடியே போய்விடும், அதை ஒட்டி வாழும் நுண்ணுயிர்களும் சாகும் என்பதால்தான். பூசணிக்காய் சாம்பார், வாழைக்காய் பொரியல், மிளகு ரசம், தயிர். பூண்டு இல்லாத ரசம் எப்படி இருக்குமோ என்று யோசிக்கவே வேண்டாம், மிளகும் சீரகமும் தூக்கலாக, அவ்வளவு ருசி.

நண்பரின் அம்மா கிணற்றுத் தண்ணீரை மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டினார். வடிகட்டி முடித்ததும் துணியை உதறிப் போடவில்லை. வடித்த தண்ணீரிலேயே கொஞ்சம் எடுத்துத் துணியை அலசி, அந்த நீரை வாளியோடு கிணற்றுக்குள் இறக்கிவிட்டார். துணியில் தங்கிய சின்ன உயிர்கள் இருந்த இடத்துக்கே போய்ச் சேர வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு இவ்வளவு பார்க்கிறார்களே என்று எனக்கு மனசு நிறைந்துபோனது.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். "பொழுது இறங்குதுப்பா, உட்காரு" என்று ஐந்து மணிக்கே இலை போட்டுவிட்டார் அம்மா. அதனால் கூப்பிட்ட நேரத்துக்குப் போய்விடுங்கள். வேண்டிய அளவு மட்டும் கேட்டு வாங்குங்கள், இலையில் மிச்சம் வைத்தால் அவர்களுக்குச் சங்கடம். கையில் ஏதாவது கொண்டுபோக நினைத்தால் வாழைப்பழம் போதும்.