வெர்டன் காடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லக்சம்பர்க்கில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சென்ற மாதம் மனைவி, பதினொரு வயது மகளோடு காரில் பிரான்சிலுள்ள வெர்டன் போய்வந்தேன். துவோமோன் எலும்பு மண்டபத்தைப் பார்த்துவிட்டு, ஃப்ளூரி கிராமம் இருந்த இடத்தில் நடந்தோம். முதல் உலகப் போரின் போர்க்களம் என்று நினைத்துப் போனால் அங்கே இருந்தது ஓர் அழகான காடு. ஒரே பச்சை, ஈரம், பறவைச் சத்தம். “இயற்கை எதையும் ஆற்றிவிடும்” என்றாள் மனைவி. மகள் பாதையை விட்டு இறங்கி ஒரு பள்ளத்துக்குள் ஓடினாள். எதிரே வந்த பெரியவர் ஒருவர் பிரெஞ்சில் சத்தம் போட்டார். எனக்குக் கூசிப்போய்விட்டது. மூன்று லட்சம் பேர் செத்த இடத்தை நாங்கள் பிக்னிக் ஸ்பாட் ஆக்கிவிட்டோமா? அதை இருந்தபடியே விட்டிருக்க வேண்டாமா? ஏன் காடு மண்டவிட்டார்கள்? மறுபடி போவதென்றால் எங்கே, எப்போது போகலாம் என்றும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

பெரியவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மரியாதைக் குறைவுக்காகத் திட்டினார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் பயந்துபோய்க் கத்தியிருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது. 1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் 18 வரை பிரெஞ்சு, ஜெர்மானியப் படைகள் இரண்டும் அந்தக் குறுகலான மேட்டில் கோடிக்கணக்கான குண்டுகளைக் கொட்டின. அவற்றில் கணிசமானவை வெடிக்காமல் சேற்றில் இறங்கிவிட்டன. அரசின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு இன்றும் அந்தப் பக்கம் அவற்றை அள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. சிலவற்றுக்குள் விஷவாயு. பாதையை விட்டு இறங்காதே என்பது கோயிலுக்குள் செருப்போடு போகாதே என்பது போன்ற விதி இல்லை. மகளிடம் இதை அப்படியே சொல்லுங்கள். பதினொரு வயதுக்குப் புரியும்.

இனி காடு. அது தானாக மண்டவில்லை, ஆள் வைத்து நட்டது. நீங்கள் பார்த்ததில் பெரும்பகுதி போருக்கு முன் வயலும் மேய்ச்சல் நிலமும் வீடுகளுமாக இருந்த பூமி. போர் முடிந்ததும் பிரெஞ்சு அரசு சேதத்தை அளந்து வரைபடத்தில் வண்ணம் தீட்டியது. மிக மோசமான பகுதி சிவப்பு மண்டலம். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கு எளிமையானது: ஒரு நிலத்தைச் சீர்படுத்த ஆகும் செலவு அந்த நிலத்தின் விலையை மிஞ்சினால் அரசே அதை வாங்கிக்கொள்ளலாம். துக்கத்துக்கோ நினைவஞ்சலிக்கோ அந்தக் கணக்கில் இடமில்லை. விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. எங்கள் நிலம் எங்களுக்கு வேண்டும் என்று நெருக்கினார்கள், மண்டலமும் வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது. யாராலும் மீட்க முடியாமல் மிஞ்சியதில்தான் மரம் வைத்தார்கள்.

அதிலும் எந்த மரம்? குண்டுகள் மேல்மண்ணைப் புரட்டிப்போட்டு அடியிலிருந்த சுண்ணாம்புக்கல்லை வெளியே கொண்டுவந்துவிட்டன. அதில் வளர்வது ஆஸ்திரியக் கறுப்பு பைன். விதைகளில் ஒரு பங்கு தோற்ற தரப்பிடமிருந்து போர் இழப்பீடாகவே வந்தது. 1930களின் முடிவுக்குள் கோடிக்கணக்கான கன்றுகள் நடப்பட்டுவிட்டன. பைன் நிழலில் மண் கொஞ்சம் தேறிய பிறகு, 1970கள் தொடங்கி அதை வெட்டிவிட்டு பீச் மரத்துக்கு மாற்றிவருகிறார்கள். ஆக, உங்கள் மனைவி இயற்கை என்று சொன்னது வனத்துறையின் நூறு வருஷ உழைப்பு. இயற்கைக்கும் அதில் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முடிவெடுத்தது மேஜையில் உட்கார்ந்திருந்த மனிதர்கள்.

இருந்தபடியே விட்டிருக்க வேண்டாமா என்று கேட்கிறீர்கள். என் பதில் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம்: மரம் வைத்ததால்தான் அது ஓரளவுக்கு இருந்தபடியே இருக்கிறது. பிரான்சிலேயே சோம் ஆற்றுப் பக்கம் போய்ப் பாருங்கள். அதே 1916இல், அதற்குக் குறையாமல் ரத்தம் சிந்திய களம். அங்கே உழவர்கள் திரும்பிவந்து பதுங்குகுழிகளைத் தூர்த்து, கோதுமையும் பீட்ரூட்டும் போட்டுவிட்டார்கள். விலைக்கு வாங்கி வேலியிட்ட சில நினைவுப் பூங்காக்களையும், திரும்ப நட்ட சில தோப்புகளையும் விட்டால் நிலம் சமதளம். வெர்டனில் கலப்பை ஏறவில்லை. வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டது, சருகு மூடிக்கொண்டது. 2013இல் விமானத்திலிருந்து லேசர் கதிரால் காட்டின் தரையை அளந்தார்கள். மரங்களைக் கணினியில் நீக்கிவிட்டுப் பார்த்தால் 1916ஆம் ஆண்டுத் தரை தெரிகிறது. குழிமேல் குழி, நடுவே நெளிநெளியாகப் பதுங்குகுழிகள். காட்டைப் போட்டவர்கள் இதற்காகப் போடவில்லை. அவர்களுக்கு வேண்டியது விறகும் பலகையும், கண்ணில் படாத ஒரு நிலமும்தான்.

ஃப்ளூரியைப் பற்றி நீங்கள் இன்னும் எழுதியிருக்கலாம். போருக்கு முன் 422 பேர் வாழ்ந்த ஊர். 1916 கோடையில் இரண்டு தரப்பிடமும் மாறி மாறிச் சிக்கியது, பதினாறு முறை என்பார்கள். இன்று ஒரு சுவர்கூட இல்லை. பள்ளங்களுக்கு நடுவே போகும் பாதையில் இங்கே ரொட்டிக்கடை, இங்கே பள்ளிக்கூடம் என்று அடையாளம் நட்டுவைத்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் இப்படி அழிந்த ஊர்கள் ஒன்பது. அவற்றில் ஆறில் இன்றும் குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஆறுக்கும் மேயர் உண்டு. வாக்காளரே இல்லாததால் மாவட்ட ஆட்சியர் நியமிக்கிறார். பிரெஞ்சு நிர்வாகத்தின் மேல் எனக்கு எத்தனையோ எரிச்சல் உண்டு. இந்த ஒரு பிடிவாதத்துக்காக மட்டும் மன்னித்துவிடலாம்.

அதே ஃப்ளூரியில், நினைவு அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், 2013இல் பார்வையாளர்கள் கண்ணில் எலும்பு பட்டது. தோண்டியபோது 26 பிரெஞ்சு வீரர்கள் கிடைத்தார்கள். அடையாளத் தகடு இருந்ததால் ஏழு பேருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. எலும்பு மண்டபத்தின் அடியில், வெளிப்பக்கச் சிறு சன்னல்கள் வழியே பார்த்தீர்களா? ஏறக்குறைய 1,30,000 பேரின் எலும்புகள், களத்தின் எந்தப் பகுதியில் எடுத்தவை என்று பிரித்துக் குவிக்கப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சுக்காரன் எது, ஜெர்மானியன் எது என்று பிரிக்க வழியில்லை.

மகள் இறங்கிய பள்ளத்தைப் பற்றி. பாதையோரத்திலேயே அப்படி நிறைய உண்டு, இறங்காமல் குனிந்தாலே போதும். வசந்தம் முடிகிற நேரத்தில், வெயில் விழுகிற ஆழமில்லாத தேங்கலின் ஓரத்தில் நான் நெடுநேரம் குந்தியிருந்தேன். சேற்று உருண்டை என்று நினைத்தது கண்ணைத் திறந்தது. கட்டைவிரல் நீளமுள்ள ஒரு தேரை. முதுகு சேற்று நிறம், சொரசொரப்பு. கண்மணி இதய வடிவம். என் நிழல் பட்டதும் முதுகை வளைத்துக் கைகால்களை மேலே தூக்கியது, ஓரத்தில் பளீரென்று மஞ்சள், அதில் கறுப்புத் திட்டுகள். விஷம் இருக்கிறது, தொடாதே என்கிறது. மஞ்சள் வயிற்றுத் தேரை என்ற இது ஐரோப்பாவில் பல இடங்களில் அருகிவருகிறது. இதற்கு ஆறு, குளமெல்லாம் ஆகாது. மீன் இல்லாத, வற்றி வற்றி நிறைகிற சின்னக் குட்டை வேண்டும். பீரங்கிகள் அதற்கு ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொடுத்திருக்கின்றன. கோட்டைகளின் இருட்டறைகளில் வௌவால்கள் குடியேறியிருக்கின்றன. இதிலிருந்து தத்துவம் எடுக்க எனக்கு ஆசையில்லை. தேரைக்கு வெர்டன் பற்றி எந்தக் கருத்தும் கிடையாது.

இயற்கை எதையும் ஆற்றிவிடும் என்பதை ஏற்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே மாவட்டத்தில் ஸ்பான்கூர் காடு இருக்கிறது. 1928இல் அங்கே சுமார் இரண்டு லட்சம் ரசாயனக் குண்டுகளைக் குவித்து எரித்தார்கள். போர் முடிந்து பத்து வருஷம் கழித்து, சமாதான காலத்தில், துப்புரவுப் பணியாக. சுற்றிலும் மரம் நிற்க, நடுவில் புல்கூடச் சரியாக முளைக்காத ஒரு கறுப்புத் திட்டு மிஞ்சியது. 2007இல் வெளியான ஆய்வு அந்த மண்ணில் ஆர்சனிக் கொடூரமான அளவுக்கு இருப்பதைக் காட்டியது. துத்தநாகம், செம்பு, ஈயமும் உண்டு. பிறகு வேலி போட்டார்கள். நூறு வருஷமாக இயற்கை அங்கே ஒன்றையும் ஆற்றவில்லை. எந்த வேதிப்பொருள், எவ்வளவு, எந்த மண் என்பதைப் பொறுத்தது அது.

நீங்கள் கூசியிருக்க வேண்டியதில்லை. காடு அழகாக இருந்தது, அழகாக இருக்கிறது என்று பார்த்தீர்கள். அங்கே உள்ளூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள், காளான் தேடுகிறார்கள். அங்கே சகிக்க முடியாதவர்கள் மெட்டல் டிடெக்டரோடு வந்து தகட்டையும் பொத்தானையும் கிளறி விற்கிறவர்கள்தான். பெயர் திரும்பக் கிடைத்த அந்த ஏழு பேரை நினைத்தால் அந்தத் திருட்டின் அளவு புரியும். சட்டப்படியும் அது குற்றம்.

மறுபடி போவதென்றால் கோடையில் போகாதீர்கள், இலை எல்லாவற்றையும் மறைத்துவிடும். பிப்ரவரி கடைசியில், மாலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள். ஒவ்வொரு குழிக்கும் நிழல் விழுந்து தரையின் வடிவம் எழுந்துவரும். தாக்குதல் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். அப்போது கோர் காட்டுக்குப் போங்கள். முதல் அடி விழுந்த இடம். லெப்டினன்ட் கர்னல் எமில் திரியான் சுமார் 1,200 பேரோடு அங்கே இருந்தார். பாராளுமன்ற உறுப்பினர், வெர்டனின் பாதுகாப்பு ஓட்டையாக இருக்கிறது என்று முந்தைய ஆண்டே எழுதி எச்சரித்தவர். தாக்குதல் தொடங்கிய மறுநாளே அங்கே கொல்லப்பட்டார். அவருடைய கான்கிரீட் அறை இன்னும் மரங்களுக்கு நடுவில் நிற்கிறது.

மரம் மறைக்காத களம் வேண்டுமென்றால் மேற்கே வோக்குவா குன்று. உச்சியில் ஓர் ஊர் இருந்தது. இரண்டு தரப்பும் அடியில் சுரங்கம் தோண்டி, மாறி மாறி வெடிவைத்து, குன்றையே இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். 1916 மே 14இல் ஜெர்மானியர் வைத்த ஒரே வெடி 60 டன். அதில் 108 பிரெஞ்சு வீரர்கள் போனார்கள். விளிம்பில் நிற்கும்போது மகள் கையை விடாதீர்கள். இலையுதிர்காலம் தொட்டு பிப்ரவரி வரை வேட்டைக் காலமும்கூட, பாதையில் வேட்டைப் பலகை வைத்திருந்தால் வேறு பாதை பாருங்கள். வெயில் காலத்தில் போகத்தான் முடியும் என்றால், திரும்பி வந்ததும் மூன்று பேருக்கும் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.