சொல்லிவிட்டுப் போங்கள்: பால்வாடிக்கும் எல்.கே.ஜி.க்கும் குழந்தையை அனுப்பும் வீடுகளுக்குச் சில பதில்கள்

மாம்பழம் சந்தைக்கு வரத் தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களின் விஷயமும் ஒன்றாகிவிடும். ஜூனில் குழந்தையைச் சேர்க்கப் போகிறோம், இப்போதே என்ன செய்ய வேண்டும்? தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எப்போதும் கேட்டுக்கொள்வதுதான்: குழந்தையின் வயதை வருடமும் மாதமுமாக எழுதுங்கள். இரண்டேகால் வயதுக்கு ஒரு பதில், மூன்றேகாலுக்கு வேறு பதில்.

மகளுக்கு 2 வயது 4 மாதம். அங்கன்வாடியில் எடுத்துக்கொள்வார்களா, 3 முடிய வேண்டுமா? (பாலக்கோடு)

எடுத்துக்கொள்வார்கள். நம் மாநிலத்தில் 2 முடிந்தால் போதும். 3 முடிந்திருக்க வேண்டும் என்பது எல்.கே.ஜி.க்கு. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, உங்கள் ஆதார் மூன்றையும் கொண்டுபோங்கள். குழந்தைக்கு ஆதார் எடுக்கவில்லை என்று தள்ளிப்போட வேண்டாம், அம்மாவின் ஆதாரை வைத்தே பதிவு செய்துகொள்ளலாம்.

3 வயதுப் பையன் இன்னும் டயப்பரில்தான் இருக்கிறான். அப்படியே அனுப்பலாமா? (கிருஷ்ணகிரி)

சேர்க்கும் வாரத்தில் டயப்பரை நிறுத்தாதீர்கள். புது இடம், புது முகங்கள், அதோடு இதுவும் என்றால் குழந்தை தாங்காது. இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, இன்றே தொடங்குங்கள். எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்கப் போகும் முன்னும் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். நனைத்துக்கொண்டால் திட்ட வேண்டாம். ஜிப்பும் பெல்ட்டும் வைத்த பேன்ட் வேண்டாம், எலாஸ்டிக் வைத்த டிராயர் போதும். வீட்டில் அவன் ஒன்றுக்கு வருவதை எப்படிச் சொல்வானோ, அந்தச் சொல்லை டீச்சரிடமும் ஆயாம்மாவிடமும் சொல்லி வையுங்கள். பாதிக் குழந்தைகள் அடக்க முடியாமல் நனைப்பதில்லை. கேட்டது யாருக்கும் புரியாமல்தான் நனைக்கின்றன.

ஓசூர் சிப்காட்டில் எனக்கு வேலை. மகனுக்கு 3 வயது 2 மாதம். ப்ளே ஸ்கூலில் சேர்த்து நாலு நாள் ஆகிறது. கிளம்பும்போது காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான். "அவன் பொம்மையைப் பார்க்கிற நேரம் நைசாக நழுவிடுங்க" என்று பள்ளியிலேயே சொல்கிறார்கள். மாமியாரும் அதையேதான் சொல்கிறார். செய்யலாமா? (ஓசூர்)

செய்யாதீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை, அதனால் இன்னொரு முறை விரிவாகவே எழுதுகிறேன்.

நழுவினால் அந்த நிமிடம் உங்களுக்குச் சுலபம்தான். அழுகைச் சத்தம் உங்கள் காதில் விழாது. ஆனால் பையன் திரும்பிப் பார்க்கும்போது அம்மா இல்லை. பொம்மையைப் பார்த்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்பதுதான் அன்றைக்கு அவன் கற்றுக்கொண்ட பாடம். மறுநாள் அவன் பொம்மைப் பக்கம் போகமாட்டான், உங்கள் புடவையையே காவல் காப்பான். வீட்டில் குளிக்கப் போனால் கதவருகே நின்று அழுவான். ராத்திரி நடுவில் எழுந்து நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்களா என்று தடவிப் பார்ப்பான். அப்புறம் "ஸ்கூலுக்குப் போனதிலிருந்து பிள்ளை பயந்து கிடக்கிறான்" என்று எனக்கு அடுத்த கடிதம் வரும். அவன் பயந்தது பள்ளியைப் பார்த்து அல்ல.

நழுவுவது மட்டும் இல்லை. "கடைக்குப் போய் சாக்லேட் வாங்கிட்டு வர்றேன்", "வெளியே திண்ணையிலதான் உட்கார்ந்திருப்பேன்", "இன்னிக்கு சும்மா பார்த்துட்டு வந்துடலாம்" எல்லாம் ஒரே இனம். பெரியவர்களுக்கு இது சின்னப் பொய். மூன்று வயதுக் குழந்தைக்கு உலகத்தில் பிடித்துக்கொள்ள இருப்பதே நீங்கள் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்.

என்ன செய்யலாம் என்கிறீர்களா? கீழே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: "அம்மா வேலைக்குப் போறேன். நீ சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வருவேன்." நாலு மணி என்றால் அவனுக்குத் தெரியாது, தூங்கி எழுந்ததும் என்றால் தெரியும். ஒரு முத்தம் கொடுத்து, டீச்சர் கையில் அவன் கையைக் கொடுத்துவிட்டு நடங்கள். ஒரு நிமிடம் போதும். தினமும் அதே வார்த்தை, அதே வரிசை. அழுகை கேட்டுத் திரும்பி வராதீர்கள், ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள். ஷிப்ட் முடியத் தாமதமாகும், தாத்தாதான் வருவார் என்றால் அதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். முதல் சில வாரம் தினமும் ஒரே ஆள் கொண்டுபோய் விடுவது நல்லது. கம்பெனி பஸ் நேரம் ஒத்துவராவிட்டால் அப்பாவோ மாமியாரோ விடட்டும், ஆனால் அவர்களும் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அழுவான். அழட்டும். அம்மாவைப் பிரிய அழுகிற குழந்தை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலான குழந்தைகள் நீங்கள் தெருமுனை தாண்டிய பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். சந்தேகம் இருந்தால் அரை மணி கழித்து ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இரண்டு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம். காய்ச்சலில் படுத்தாலோ நீண்ட லீவு வந்தாலோ மறுபடி இரண்டு நாள் அழுவான், அதுவும் சரிதான்.

உங்களைவிட அந்தப் பள்ளிமேல்தான் எனக்குக் கோபம். முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் மதியச் சாப்பாடு வரை, பிறகு முழு நாள் என்று மெதுவாகப் பழக்க வேண்டியவர்கள், கேட்டைச் சாத்திவிட்டு நழுவச் சொல்கிறார்கள். "சொல்லிவிட்டுத்தான் போவேன், ஒரு நிமிடம் அவனைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வாருங்கள்" என்று உறுதியாகக் கேளுங்கள். இதற்குத்தானே கட்டணம் வாங்குகிறார்கள்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். இரண்டு வாரம் என் வழியில் பார்க்கலாம் அத்தை என்று கேளுங்கள்.

குழந்தை பள்ளிக்குப் போக மறுக்கிறது. என்ன செய்யலாம்? (தர்மபுரி)

வயது? எத்தனை நாளாக? போகவே மறுக்கிறதா, போய்வந்து கொண்டிருந்தது திடீரென்று நின்றதா? யார் கொண்டுபோய் விடுகிறார்கள்? ஒரு வரி எழுதிவிட்டு என்னிடம் மருந்துச் சீட்டு கேட்கிறீர்கள். ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். நன்றாகப் போய்வந்த குழந்தை திடீரென மறுத்தால் அடம் என்று ஒதுக்காமல், அங்கே என்ன நடந்தது என்று அன்றைக்கே நேரில் போய் விசாரியுங்கள். மற்றதை விவரமாக எழுதினால் பார்க்கலாம்.

நானும் கணவரும் பெங்களூரில் கட்டட வேலை. பேத்தியை என் அம்மா வீட்டில் விட்டிருக்கிறோம் (என் மகள்தான், அம்மாவுக்குப் பேத்தி). 3 வயது. முதல் நாள் நாங்களே வந்து சேர்த்துவிட்டு அன்று ராத்திரி வண்டிக்குத் திரும்பிவிடலாம் என்று திட்டம். (ஊத்தங்கரை)

ஆசை புரிகிறது. ஆனால் காலையில் பள்ளியில் விட்டுப் பிரிந்து, ராத்திரி ஊரை விட்டுப் பிரிந்தால், பள்ளிக்குப் போனதால்தான் அம்மா போய்விட்டாள் என்று குழந்தை முடிச்சுப் போட்டுவிடும். பத்து நாள் முன்னால் வாருங்கள். பாட்டியோடு சேர்ந்து அந்த இடத்தை இரண்டு மூன்று முறை காட்டுங்கள், பையும் தட்டும் வாங்கிக் கொடுங்கள், சொல்லிவிட்டுத் திரும்புங்கள். முதல் நாள் யாரோடு தினமும் தூங்கி எழுகிறதோ அந்தப் பாட்டியே விடட்டும். சாயங்காலம் போனில் பேசும்போது "அழுதியா?" என்று கேட்காதீர்கள், என்ன சாப்பிட்டாய், யார் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று கேளுங்கள். தீபாவளிக்கு வருவதாக இருந்தால் மட்டும் தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். அங்கன்வாடியில் தமிழ். இனி வீட்டிலும் தமிழே பேசவா? (தேன்கனிக்கோட்டை)

வேண்டாம். வீட்டு மொழி வீட்டிலேயே இருக்கட்டும். கன்னடம், உருது பேசும் வீடுகளுக்கும் இதுதான். தண்ணீர் வேண்டும், பசிக்குது, வலிக்குது, ஒன்றுக்கு வருது, இவ்வளவும் தமிழில் தெரிந்தால் முதல் வாரத்துக்குப் போதும். அப்படியும் "நீள்ளு" என்று கேட்டால் உங்கள் பக்கத்து ஆயாம்மாக்களுக்குப் பெரும்பாலும் புரியும். புது மொழி நடக்கும் இடத்தில் சில குழந்தைகள் சில மாதம் வாயே திறக்காது. கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், பயப்படாதீர்கள். ஆனால் வீட்டு மொழியிலும் இரண்டு வயது தாண்டி இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் அது வேறு விஷயம். அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். குழு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனைக்கே போங்கள்.

போன் காட்டி ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள். அங்கே எப்படிச் சாப்பிடுவாள்? (காரிமங்கலம்)

சாப்பிடமாட்டாள். அங்கே யாரும் போன் காட்டமாட்டார்கள். இன்று ராத்திரியிலிருந்து போன் அலமாரிக்குப் போகட்டும். எல்லோரும் தரையில் உட்காரும்போது அவளுக்கும் ஒரு தட்டு, கொஞ்சமாகச் சாதமோ களியோ, அவள் கையாலேயே. இறைப்பாள், பாதி கீழே போகும், பரவாயில்லை. இரண்டு மூன்று வேளை குறைவாகச் சாப்பிட்டால் நன்றாக இருக்கும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. மையத்தில் மற்ற குழந்தைகளைப் பார்த்து உண்ணக் கற்றுக்கொள்வாள், முட்டை போடும் நாளில் இன்னும் சீக்கிரம்.

எல்.கே.ஜி. இன்டர்வியூவுக்குப் பையனை எப்படித் தயார் செய்வது? (தர்மபுரி)

தயார் செய்யாதீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 வரை அபராதம். சட்டம் 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து எழுதப்பட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கே கூடாது என்றால் மூன்று வயதுப் பிள்ளையைப் பெயர், கலர், பழம் என்று நிற்க வைத்துக் கேட்பது எந்த நியாயம்? வேறு இடம் பாருங்கள்.

மூன்று வயது ஆகிறது, இன்னும் 'அ' எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எழுதுகிறாள். (அரூர்)

எழுத வேண்டாம். விரலுக்குப் பலம் வரட்டும். மாவு பிசையட்டும், அவரைக்காய் உரிக்கட்டும், காகிதம் கிழிக்கட்டும், மண்ணில் கோடு போடட்டும். உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு புளி தட்டுவார்கள், கொட்டையைப் பொறுக்க மட்டும் தனியாக விடாதீர்கள். மூக்கில் போட்டுக்கொள்ளும்.

பால்வாடிக்கு அனுப்பினால் கௌரவக் குறைச்சல் என்கிறார் கணவர். (பாப்பிரெட்டிப்பட்டி)

கௌரவம் கட்டடத்தில் இல்லை. எந்த இடமானாலும் ஒரு காலை நேரம் போய் நின்று பாருங்கள். கழிவறையில் தண்ணீர் வருகிறதா? கேட் பூட்டியிருக்கிறதா? ஒரு ஆளுக்கு எத்தனை குழந்தை? பாட்டும் கதையும் நடக்கிறதா, குழந்தைகள் விளையாடுகின்றனவா, கையைக் கட்டி உட்கார்ந்திருக்கின்றனவா? டீச்சர் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறாரா? இதில் நல்ல அங்கன்வாடி பல ப்ளே ஸ்கூல்களை விட முன்னால் நிற்கும். 2019 ஜனவரியிலிருந்து அரசு நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் சுமார் 2,400 இடங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கினார்கள். உங்கள் பக்கம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கணவரையே விசாரித்து வரச் சொல்லுங்கள்.

பேரனைச் சேர்க்கும்போது "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று டீச்சரிடம் சொன்னேன். மருமகள் கோபித்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னதுதானே? (பர்கூர்)

ஐயா, உங்கள் மருமகள் பக்கம்தான் நான். பேரன் பக்கத்தில் நின்று கேட்டிருப்பான். நம்மைக் காப்பாற்ற வேண்டிய தாத்தாவே நம்மை அடிக்கச் சொல்கிறார் என்றுதான் அவனுக்குப் புரியும். அடம் பிடித்தால் டீச்சரிடம் விட்டுவிடுவேன், ஊசி போடச் சொல்வேன் என்று ஏப்ரல், மே முழுக்க மிரட்டிவிட்டு, ஜூனில் அதே டீச்சர் கையில் கொடுத்தால் குழந்தை எப்படிப் போகும்? டீச்சரிடம் இன்னொரு முறை போய், அவன் முன்னாலேயே, "என் பேரனை நல்லா பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். எந்த மையத்திலாவது குழந்தையை அடித்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசலாம்.

சேர்த்ததிலிருந்து வாரம் ஒரு சளி. நிறுத்திவிடவா? (மத்தூர்)

நிறுத்த வேண்டாம். இந்த வயதில் வருடத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சகஜம், கூட்டத்தில் சேர்ந்த முதல் வருடம் கொஞ்சம் கூடும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் வீட்டில் வையுங்கள். காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆனபின் அனுப்புங்கள். மூச்சு வாங்கினாலோ, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ வீட்டு வைத்தியம் செய்துகொண்டிராமல் மருத்துவரிடம் போங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றரை வயதை ஒட்டிப் போட வேண்டிய பூஸ்டர் ஊசி பல அட்டைகளில் காலியாக இருக்கிறது. விட்டுப்போயிருந்தால் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பூச்சி மாத்திரை, இவற்றையும் விடாதீர்கள்.

காதில் தங்கத் தோடு, காலில் வெள்ளிக் கொலுசு போட்டு அனுப்பலாமா? (காவேரிப்பட்டினம்)

கூடாது. நகைக்காகக் குழந்தைக்கு ஆபத்து வரும்.

ஆட்டோவில் அனுப்புகிறோம். டிரைவர் தெரிந்தவர்தான். (சூளகிரி)

தெரிந்தவராகவே இருக்கட்டும். முன் சீட்டில் மடியில் குழந்தையா, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று ஒரு நாள் பின்னாலேயே வண்டியில் போய்ப் பாருங்கள். குழந்தையை அழைத்துப்போக வரும் இரண்டு பேரின் பெயரையும் போன் நம்பரையும் மையத்தில் எழுதிக் கொடுங்கள். மாமா, சித்தப்பா என்று சொல்லி வேறு யார் வந்தாலும் உங்களிடம் கேட்காமல் அனுப்பக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

போர் தண்ணீரைக் காய்ச்சி பாட்டிலில் கொடுத்தனுப்புகிறேன். போதுமா? (நல்லம்பள்ளி)

போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கலந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு போகாது. தண்ணீர் வற்றுவதால் அது கொஞ்சம் கூடவே செய்யும். எட்டு வயது வரை நிலைப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். நம் மாவட்டத்துப் பல் கறை அந்த வருடங்களில் குடிக்கும் தண்ணீரிலிருந்து வருவதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறது என்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மையத்தில் எந்தத் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்றும் சேர்க்கும் அன்றைக்கே கேளுங்கள்.