கம்பனி அனுப்பிய கோர்ஸ்கள் பட்டத்துக்குக் கணக்காகுமா?

கேள்வி: சீனக்குடாவில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். உயர்தரம் சித்தி, ஆனால் இசட் புள்ளி போதாமல் கம்பஸ் கிடைக்கவில்லை. ஐஎஸ்ஓ 9001 லீட் ஆடிட்டர், சிக்ஸ் சிக்மா, ஃபைவ் எஸ் என்று தர மேலாண்மைக் கோர்ஸ்கள் எல்லாம் கம்பனி அனுப்பிச் செய்திருக்கிறேன். இவற்றைக் காட்டி வெளிநாட்டுப் பட்டமொன்றில் நேரே கடைசி வருடத்தில் சேரலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். காசு கட்டலாமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள் தங்கச்சி. முதலில் கணக்கைப் பாருங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணிநேரக் கற்றல், வகுப்பும் வீட்டில் படிப்பதும் பரீட்சையும் எல்லாம் சேர்த்துத்தான். மூன்று வருடப் பட்டத்துக்கு 90 கிரெடிட் வேண்டும். உங்கள் லீட் ஆடிட்டர் கோர்ஸ் ஐந்து நாள், சுமார் 40 மணி. அது ஒரு கிரெடிட்டை எட்டுவதே பெரிய பாடு, கடைசி வருடத்துக்குத் தாவ 60 கிரெடிட் எங்கிருந்து வரும்?

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி இருப்பது உண்மைதான். அங்கே அமெரிக்கக் கல்விச் சபை 1974 முதல் வேலைத்தலப் பயிற்சிகளை மதிப்பிட்டு, இதற்கு இத்தனை கிரெடிட் கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்கிறது. ஆனால் அது வெறும் சிபாரிசு, ஏற்பதும் விடுவதும் அந்தந்தக் கல்லூரியின் முடிவு. அதோடு அவர்களுடைய கிரெடிட்டின் அளவே வேறு, இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டினால் நம்பாதீர்கள்.

அதற்காக நீங்கள் படித்தது வீண் இல்லை. எங்கள் நாட்டில் தேசிய தொழிற் தகைமை, அதாவது என்விகியூ, இருக்கிறது. அதில் முன் கற்றலை, அதாவது வேலையிலும் கோர்ஸ்களிலும் ஏற்கெனவே கற்றதை, மதிப்பிட்டு அங்கீகரிக்கும் முறையும் உண்டு. உங்கள் வேலைக்குப் பொருந்தும் தகைமை இருக்கிறதா என்று மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். மட்டம் 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். டிப்ளோமா வரை ஏறிவிட்டால் இரத்மலானையில் உள்ள, யுனிவோடெக் எனப்படும் தொழிற்கல்வித் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். வேலையை விடாமல் படிக்கத் திறந்த பல்கலைக்கழகமும் இருக்கிறது.

எங்கே போனாலும் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. “கலந்துகொண்டார்” என்று எழுதிய தாளுக்குக் கிரெடிட் எதிர்பார்க்கவே முடியாது; பரீட்சை எழுதிச் சித்தியடைந்ததற்குத்தான் பெறுமதி. ஒவ்வொரு கோர்ஸுக்கும் பாடத்திட்டம், மணிநேரம், பரீட்சை முடிவு மூன்றையும் நடத்திய நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள், வருடங்கள் போனால் அவர்களிடமே இருக்காது. அப்புறம் உங்கள் வேலை. நீங்கள் செய்த உள்ளக ஆடிட், கண்டுபிடித்த குறை, அது திரும்ப வராமல் இருக்க எடுத்த நடவடிக்கை, இவற்றை மேலாளரின் அனுமதியோடு பிரதி எடுத்து, அவருடைய கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். மதிப்பிடுபவர் ஐந்து நாள் வகுப்பைவிட இதைத்தான் ஆவலாகப் பார்ப்பார், ஏனென்றால் உங்களுக்கு வேலை தெரியும் என்பதற்கு இதுதான் சாட்சி.

ஏஜென்டிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் விலக்கு என்று அந்தப் பல்கலைக்கழகப் பதிவாளரே எழுதிய கடிதம். அது வந்தால், அந்தப் பல்கலைக்கழகம் இங்கே அங்கீகரிக்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரித்துவிட்டுக் காசைப் பற்றிப் பேசுங்கள். வராவிட்டால் அந்தக் காசை டிப்ளோமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.